‘உளமார’ என்ற சொல்லின் பொருளும் வழக்கும்

பதவியேற்பு விழாக்களில் சிலர் கடவுளின் பெயரால் ஆணையிடுகிறார்கள், சிலர் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்கிறார்கள்; இந்த ‘உளமார’ என்பதன் பொருள் என்ன, ‘மனமார’, ‘நெஞ்சார’, ‘மனப்பூர்வமாக’, ‘ஆத்மார்த்தமாக’ ஆகியவையும் அதுவும் ஒன்றுதானா, செய்தித்தாள்களில் ‘உளமாற’ என்று வருவது சரியா, மன்னிப்புக் கேட்டு எழுதும் கடிதத்தில் இச்சொல் பொருந்துமா என்பவை கேள்விகள். முதலில் சுருக்கமான விடை: ‘உளமார’ என்றால் உள்ளம் நிறைய, உள்ளம் நிறைவு கொள்ளும்படியாக என்று பொருள். ரகரம் போட்டு எழுதுவதே சரி, றகரம் பிழை. மற்றச் சொற்கள் இதற்கு நெருங்கிய உறவினவே என்றாலும், ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்றை எடுத்து வைத்தால் பல வேளைகளில் பொருள் நழுவிவிடும். இனி விரிவாகப் பார்க்கலாம்.

‘உளமார’ என்பது ‘உளம்’, ‘ஆர’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. ‘உளம்’ என்பது ‘உள்ளம்’ என்பதன் குறுகிய வடிவம். ‘ஆர’ என்பது ‘ஆர்தல்’ என்ற வினையிலிருந்து பிறந்த எச்சம். இலக்கணத்தில் இதைச் ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் என்பார்கள்; ‘மழை பெய்யக் குளம் நிறைந்தது’ என்பதிலுள்ள ‘பெய்ய’ எந்த வகையோ ‘ஆர’வும் அந்த வகை. ‘ஆர்தல்’ என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி நிறைதல், பொருந்துதல், உண்ணுதல் முதலிய பொருள்களைத் தருகிறது. இவற்றில் நிறைதலும் உண்ணுதலும் ஒரே சொல்லில் சேர்ந்திருப்பது நமக்கு முக்கியம். இந்த வினை பாத்திரத்தில் தண்ணீர் நிரம்புவது போன்ற வெறும் நிரம்புதலைச் சொல்வதில்லை. உண்டவனுக்கு வயிறு நிறைவதையும், அந்த நிறைவு அவனுக்குத் தெரிவதையும் சேர்த்துச் சொல்கிறது.

இந்த வினை தனியாக நடமாடுவது இப்போது அநேகமாக நின்றுவிட்டது. ‘குளம் ஆர்ந்தது’ என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அதன் எதிர்மறை வடிவம் கும்பகோணத்தில் இன்றும் அன்றாடம் ஒலிக்கிறது. அங்குள்ள சார்ங்கபாணி கோயில் பெருமாளுக்கு ஆராவமுதன் என்று பெயர்; நம்மாழ்வார் ‘ஆராவமுதே’ என்று அழைத்ததிலிருந்து வந்தது அது. எவ்வளவு பருகினாலும் போதும் என்ற நிறைவு வராத அமுதம் என்பது பொருள். திருக்குறளில் அவாவறுத்தல் அதிகாரத்தின் கடைசிக் குறள் ‘ஆரா இயற்கை அவாநீப்பின்’ என்று தொடங்குகிறது. நிரம்பாத இயல்புடையது ஆசை என்பது அதன் கருத்து. தெவிட்டாத அமுதமும் அடங்காத ஆசையும் ஒரே எதிர்மறைச் சொல்லால் குறிக்கப்படுவதைப் பார்த்தால் ‘ஆர்’ என்ற அடிச்சொல்லின் மையம் விளங்கும். இனி வேண்டியதில்லை என்று ஒரு புலன் அடங்கும் நிலையே ‘ஆர்தல்’. திருப்பாவையின் முதற்பாட்டில் ‘ஏரார்ந்த கண்ணி’ என்று யசோதையைச் சொல்லும்போது அழகு நிறைந்த கண்ணையுடையவள் என்று பொருள் கொள்கிறோம். ‘உளமார்ந்த’, ‘மனமார்ந்த’ என்று நாம் இன்று எழுதுவதில் உள்ளதும் இதே ‘ஆர்ந்த’தான்.

‘உளமார’ தனித்து நிற்கும் சொல்லன்று. அதற்கு ஒரு குடும்பமே உண்டு. கண்ணார, காதார, வாயார, நாவார, கையார, வயிறார, மனமார, மனதார, நெஞ்சார என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். எல்லாமே உடலின் உறுப்போ, உள்ளத்தைக் குறிக்கும் பெயரோதான். ‘பை நிறையக் காசு’ என்போமே தவிர ‘பையாரக் காசு’ என்று சொல்ல மாட்டோம். ‘வீடார விருந்தினர்’ என்பதும் கிடையாது. நிறைவை உணரக்கூடியது எதுவோ அதனோடு மட்டுமே ‘ஆர’ ஒட்டும். ‘வாய் நிறைய’ என்பதையும் ‘வாயார’ என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ‘வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசாதே’ என்று குழந்தையைக் கண்டிக்கலாம். அங்கே ‘வாயார’ என்றால் சிரிப்புத்தான் வரும். ‘வயிறாரச் சாப்பிட்டு, வாயார வாழ்த்திவிட்டுப் போங்கள்’ என்று கல்யாண வீட்டில் பெரியவர்களிடம் சொல்லும்போது, வாழ்த்துகிறவருக்கே அந்த வாழ்த்து நிறைவு தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருக்கிறது.

இந்தக் குடும்பத்துக்குள் இரண்டு கிளைகள் இருக்கின்றன. கண்ணும் காதும் வயிறும் வாங்கி நிறைபவை. வெளியிலிருந்து காட்சியோ ஓசையோ உணவோ வந்து சேர்ந்தால் அவை நிறையும். வாயும் கையும் கொடுத்து நிறைபவை. வாயார வாழ்த்துவதிலும் கையார அள்ளிக் கொடுப்பதிலும் பொருள் வெளியே போகப் போகத்தான் நிறைவு உண்டாகிறது. ‘உளமார’ இந்த இரண்டாம் கிளையைச் சேர்ந்தது. ஒன்றைப் பெற்றுக்கொண்டபோது ‘மனம் நிறைந்தது’ என்கிறோம், ‘உள்ளம் குளிர்ந்தது’ என்கிறோம். ‘உளமாரப் பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்லும் வழக்கம் மிக அரிது. பாராட்டுதல், வாழ்த்துதல், வரவேற்றல், நன்றி கூறுதல், மன்னித்தல், உறுதி கூறுதல் என்று ஒருவர் தம்மிடமிருந்து மற்றவருக்குக் கொடுக்கும் செயல்களோடுதான் ‘உளமார’ இயல்பாக வந்து அமர்கிறது. கொடுப்பவர் தமக்குள் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால் அது உளமாரக் கொடுத்ததாகாது. இச்சொல்லில் உள்ள நேர்மை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. உணர்ச்சி எவ்வளவு பொங்குகிறது என்பதை அது அளப்பதில்லை. உள்ளே மிச்சம் ஏதும் வைத்துக்கொள்ளவில்லை என்பதையே அது சொல்கிறது. இராமலிங்க அடிகள் ‘உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார்’ உறவு கலவாமை வேண்டும் என்று கேட்டாரே, அந்த ‘உள்ளொன்று வைத்தல்’ என்பதற்கு நேர் எதிரான நிலை இது.

இதோடு இன்னொரு பொருள் இழையும் இருக்கிறது. அகராதி பார்ப்பவர்கள் அதைப் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ‘கண்ணாரக் கண்டேன்’ என்பதற்குக் கண் குளிரக் கண்டேன் என்று ஒரு பொருள். கோயிலில் தேர் அசைந்து வரும்போது சொல்வது அது. தெருவில் நடந்த சண்டையைப் பற்றி ஒருவர் ‘நான் கண்ணாரக் கண்டேன், அவன்தான் முதலில் கை ஓங்கினான்’ என்று சொல்லும்போது அங்கே குளிர்ச்சிக்கு இடமில்லை. வேறு யாரோ சொல்லிக் கேட்டதில்லை, நேரில் பார்த்தேன், ஐயத்துக்கு இடமில்லாதபடி பார்த்தேன் என்பதே அவர் சொல்ல வருவது. ‘காதாரக் கேட்டேன்’ என்பதும் அப்படித்தான். ‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய்’ என்ற பழமொழியில் ‘கண்ணாரக் கண்டதும்’ என்று மாற்றிப் பாருங்கள், பழமொழி நொண்டும். கண்ணால் கண்டது பொய்யாகலாம். கண்ணாரக் கண்டதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆக ‘ஆர’ என்பதற்கு நிறைவோடு சேர்ந்து, நேரடியாக அறிந்த அறிவு என்ற ஒரு சாயலும் உண்டு.

இந்தச் சாயல் மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் ‘நெஞ்சார’ என்ற சொல். ‘நெஞ்சார வாழ்த்துகிறேன்’ என்று இன்று எழுதுகிறோம். அதே சொல் உலகநீதியில் ‘நெஞ்சாரப் பொய்தன்னைச் சொல்ல வேண்டாம்’ என்று வருகிறது. நேர்மையைக் குறிக்கும் சொல் பொய்யோடு எப்படிச் சேர்ந்தது என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. அங்கே ‘நெஞ்சார’ என்பதற்கு நெஞ்சு அறிய, தெரிந்தே என்று பொருள். ஒரு செய்தி தவறென்று தெரியாமல் சொல்லிவிடுவது வேறு. தவறென்று நெஞ்சுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க அதையே சொல்வது வேறு. இரண்டாவது வகைக்குத்தான் ‘நெஞ்சாரப் பொய்’ என்று பெயர். ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் சொல்வதும் இதே கருத்துத்தான். ஊர்ப்பக்கத்தில் ‘மனசறிஞ்சு நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செஞ்சதில்ல’ என்று பெரியவர்கள் சொல்வதில் உள்ள ‘மனசறிஞ்சு’ இந்த ‘நெஞ்சார’ என்பதன் பேச்சு வடிவம் என்றே கொள்ளலாம்.

இந்த இரட்டைப் பொருள் ‘நெஞ்சார’ என்ற சொல்லுக்கே சிறப்பாக வாய்த்தது ஏன் என்பதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். தமிழில் உள்ளம் என்பது உள்ளுதலுக்கு, அதாவது நினைத்தலுக்கு, உரிய இடம். நெஞ்சோ பழைய காலந்தொட்டே சாட்சியாக நிற்பது. ஒருவன் தன் நெஞ்சோடு பேசுகிறான், நெஞ்சு அவனை இடித்துரைக்கிறது, சுடுகிறது. ஆகவே நெஞ்சு ‘ஆர்ந்து’ நிற்கும்போது அது நிறைந்தும் நிற்கலாம், அறிந்தும் நிற்கலாம். ‘உளமாரப் பொய் சொன்னான்’ என்று எழுதினால் தமிழ் அறிந்தவருக்குத் தடுமாற்றம் ஏற்படும்; ‘நெஞ்சாரப் பொய் சொன்னான்’ என்றால் ஏற்படாது.

இப்போது பதவியேற்பு உறுதிமொழிக்கு வரலாம். மாநில அமைச்சர்கள் அரசமைப்பின் 164ஆம் பிரிவின்படியும், சட்டமன்ற உறுப்பினர்கள் 188ஆம் பிரிவின்படியும் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதன் வாசகம் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. அந்த வாசகத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள இடம் விடப்பட்டிருக்கிறது. கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அல்லது கடவுளைக் குறிப்பிடாமல் உறுதி கூறலாம். இந்த இரண்டாவது வழி எளிதில் கிடைத்ததன்று. இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகர் 1880இல் நார்த்தாம்ப்டன் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆணைக்குப் பதிலாக உறுதி மட்டும் கூற அனுமதி கேட்டபோது நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. 1886இல்தான் அவரால் முறைப்படி இடத்தில் அமர முடிந்தது. அவருடைய முயற்சியால் 1888இல் இயற்றப்பட்ட சட்டம், ஆணையிட விரும்பாதவர்கள் உறுதி கூறினால் போதும் என்ற உரிமையை அந்த நாட்டில் நிலைநாட்டியது. நம் அரசமைப்பில் இரண்டு வழிகளும் தொடக்கத்திலிருந்தே சரிசமமாக இடம்பெற்றுவிட்டன.

தமிழில் அந்த இரண்டாவது வழிக்குரிய சொல்லாகத்தான் ‘உளமார’ வந்து அமர்ந்தது. 2021ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி சென்னை ஆளுநர் மாளிகையில் ‘முத்துவேல் கருணாநிதி ஸ்டாலின் எனும் நான்’ என்று தொடங்கி மு.க.ஸ்டாலின் முதலமைச்சராக உறுதிமொழி எடுத்தபோது ‘உளமார’ என்றே சொன்னார். கடவுள் மறுப்பைப் பேசிய இயக்கத்தின் வழிவந்தவர்கள் இச்சொல்லைத் தேர்வது எதிர்பார்க்கக் கூடியதே. ஆனால் ‘உளமார’ என்றதனாலேயே ஒருவர் நாத்திகர் என்று முடிவு கட்டுவது சரியாகாது. பதவிக்கான உறுதியில் கடவுளை இழுக்க வேண்டாம் என்று கருதும் பக்தரும் அதைச் சொல்லலாம், சட்டம் காரணம் கேட்பதில்லை.

மொழிபெயர்த்தவரின் நுட்பத்தை இங்கே கொஞ்சம் நின்று பாராட்ட வேண்டும். ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் சடங்கின் கனத்தை, விளையாட்டில்லாத தீவிரத்தைக் குறிப்பது. அதற்கு நேராக ‘பயபக்தியோடு’ என்றோ ‘விதிமுறைப்படி’ என்றோ போட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் சாட்சியாக நின்ற கடவுள் விலகிய பிறகு அந்த இடம் வெறுமையாகவே இருந்திருக்கும். ‘உளமார’ என்றதும் பேசுகிறவரின் உள்ளமே அந்தச் சாட்சியின் இடத்துக்கு வந்துவிடுகிறது. மேலே சொன்ன இரண்டு இழைகளும், அதாவது எதையும் மிச்சம் வைக்காமல் கொடுப்பதும், தெரிந்தே, தெளிந்தே சொல்வதும், இந்த இடத்தில் ஒன்றாக முறுக்கேறி நிற்கின்றன. அதே உறுதிமொழியில் கடமைகளை ‘உண்மையாகவும் உளச்சான்றின்படியும்’ நிறைவேற்றுவேன் என்ற தொடரும் வருவதால், உளம் என்ற சொல் இருமுறை ஒலித்து வாசகத்தை இறுக்கிப் பிடிக்கிறது. சட்டத் தமிழ் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இந்த ஒரு வாசகத்தையாவது வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம்.

எழுத்துப் பிழையின் கதை இதைவிடச் சுவையானது. ‘உளமாற’, ‘மனமாற’, ‘வயிறாற’ என்று அச்சிலும் தொலைக்காட்சியின் கீழ்வரிச் செய்தியிலும் வருவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. குமரி மாவட்டம் போன்ற சில பகுதிகளைத் தவிர, பெரும்பாலான வட்டாரங்களின் பேச்சில் ரகர றகர வேறுபாடு மங்கிவிட்டது என்பது ஒன்று. இன்னொன்று, ‘பசியாற’ என்ற சொல். பசி ஆறும், அதாவது தணியும்; ஆகவே ‘பசியாறச் சாப்பிட்டான்’ என்பதில் றகரம்தான் சரி. வயிறு நிறையும், ஆகவே ‘வயிறாரச் சாப்பிட்டான்’ என்பதில் ரகரம். இரண்டும் ஒரே இலையின் முன்னால் நடப்பதால் ஒன்றின் எழுத்து மற்றொன்றுக்குத் தாவிவிடுகிறது. ‘மனம் ஆற அழுதாள்’ என்ற தொடரும் தமிழில் உண்டு. துயரம் தணியும் வரை அழுதாள் என்று பொருள். இவை போதாதென்று ‘மனமாற’ என்பதை ‘மனம் மாற’ என்றும் காது பிரித்துக்கொள்ளும். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் ‘மனமாற’ உறுதி கூறினார் என்று அச்சடித்தால், கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985க்குப் பிறகு அது கொஞ்சம் விவகாரமான வாக்கியம்.

ஒற்று எங்கே மிகும் என்பதும் பலருக்குக் குழப்பம் தருவது. ‘உளமார’ என்பது வினையெச்சம்; அதன் பின் வல்லினம் வந்தால் மிகும்: உளமாரப் பாராட்டுகிறேன், வாயாரப் புகழ்ந்தார், மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ‘உளமார்ந்த’ என்பது பெயரெச்சம்; அதன் பின் மிகாது: உளமார்ந்த பாராட்டுகள், மனமார்ந்த கனிவு. ‘உளமார்ந்தப் பாராட்டுகள்’ என்று பதாகைகளில் பெரிய எழுத்தில் வருவது பிழை. இலக்கணத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி: ‘வயிற்றில்’, ‘வயிற்றுக்கு’ என்று றகரம் இரட்டிப்பதுபோல ‘வயிற்றார’ என்று ஆகாமல் ‘வயிறார’ என்றே நிற்பதைக் கவனியுங்கள். வயிறு இங்கே ‘ஆர’ என்ற வினைக்கு எழுவாய், வயிறுதான் ஆர்கிறது. அதுபோலவே உள்ளம்தான் ஆர்கிறது. ‘உள்ளத்தால்’ என்று கருவிப் பொருளில் எடுத்துக்கொள்ளாமல் உள்ளத்தையே செய்பவராகக் கொள்ள வேண்டும் என்பதற்கு இந்தப் புணர்ச்சியே சான்று.

மற்ற உறவுச் சொற்களில் ‘மனமார’, ‘மனதார’ இரண்டும் ‘உளமார’ என்பதோடு பொருளில் ஏறத்தாழ ஒன்று. தொனியில் மட்டும் வேறுபாடு. ‘உளமார’ மேடைக்கும் எழுத்துக்கும் உரியது. வீட்டில் யாரும் ‘உளமாரச் சொல்றேன்’ என்று பேசுவதில்லை; ‘மனசாரச் சொல்றேன்’ என்பதுதான் வழக்கு. ‘அவ மனசார ஒரு டம்ளர் காப்பி குடுத்தாலே போதும்’ என்ற வாக்கியத்தில் இச்சொல்லின் முழு உயிரும் இருக்கிறது. காப்பி அங்கே பொருட்டில்லை. முகம் கோணாமல் கொடுத்தாளா என்பதே கேள்வி.

‘சத்தியமா’, ‘நிஜமாவே’, ‘நெசமாத்தான்’ ஆகியவற்றை ‘மனசார’ என்பதோடு சேர்த்துப் பட்டியல் போடுகிறவர்கள் உண்டு. இவை வேறு வகை. ‘சத்தியமா நேத்து மழை பெஞ்சுது’ எனலாம். ‘மனசார நேத்து மழை பெஞ்சுது’ என்று சொல்ல முடியாது. ‘சத்தியமா’ என்பது சொல்லப்பட்ட செய்தி மெய் என்பதற்குப் பிணை நிற்கிறது. ‘மனசார’ என்பது செயலைச் செய்கிறவரின் உள்நிலையைச் சொல்கிறது. மழைக்கு உள்நிலை கிடையாது. ஒருவர் சொல்லில் செய்தி மெய்யாக இருந்தும் மனசு அதில் இல்லாமல் போகலாம். ‘ஒப்புக்குச் சொன்னார்’, ‘உதட்டளவில் சொன்னார்’, ‘கடமைக்குச் சொன்னார்’ என்று குறை கூறுவது அப்படிப்பட்ட சொல்லைத்தான்.

‘மனப்பூர்வமாக’ என்பதில் உள்ள ‘பூர்வம்’ வடமொழி. ‘சட்டப்பூர்வமாக’, ‘எழுத்துப்பூர்வமாக’, ‘அதிகாரப்பூர்வமாக’ என்று வரும் அதே ஈறு. ஒன்றை அடிப்படையாக முன்னிட்டு என்று பொருள். ஆகவே ‘மனப்பூர்வமாக’ என்றால் மனத்தின் இசைவோடு, தன் விருப்பத்தோடு என்பதே முதற்பொருள். கிரயப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சொத்தின் நான்கெல்லையும் தொகையும் சொல்லி முடித்த பிறகு, ‘இந்தப்படிக்கு நான் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம்’ என்பது போன்ற வாசகம் வரும். பழைய பத்திரங்களில் இதே இடத்தில் ‘மனோராசியில்’ என்ற சொல்லைக் காணலாம். இசைவைக் குறிக்கும் ‘ராசி’ அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. நிலத்தை விற்கிறவருக்கு உள்ளம் நிறைந்திருக்க வேண்டும் என்று சார்பதிவாளர் எதிர்பார்ப்பதில்லை. கடனை அடைப்பதற்காகக் கண்ணீரோடுகூட அவர் விற்கலாம். யாரும் மிரட்டாமல், தூண்டாமல், சுயநினைவோடு இசைந்தாரா என்பதுதான் சட்டத்துக்கு வேண்டியது. அந்த இடத்தில் ‘உளமாரச் சம்மதித்து’ என்று எழுதினால் விற்றவரின் நிலையைப் பொய்யாகச் சொன்னதாகிவிடும். அன்றாட எழுத்தில் ‘மனப்பூர்வமான வாழ்த்துகள்’ என்பது நிலைபெற்றுவிட்டது; அதைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

‘ஆத்மார்த்தமாக’ என்பதற்கு விசித்திரமான பின்னணி உண்டு. சைவ ஆகம மரபில், ஒருவர் தம் பொருட்டுத் தாமே செய்யும் வழிபாடு ஆத்மார்த்த பூசை. உலகத்தார் பொருட்டுக் கோயிலில் செய்யப்படுவது பரார்த்த பூசை. தனக்காகச் செய்வது என்ற பொருளிலிருந்து, பிறர் பார்ப்பதற்காகச் செய்யாதது என்ற வழியாக, ‘ஆத்மார்த்தமான நட்பு’, ‘ஆத்மார்த்தமாக உழைத்தார்’ என்ற இன்றைய பொருளுக்குச் சொல் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீண்ட காலம் தொடரும் ஈடுபாட்டுக்கு இது பொருந்தும். ஒரு கணத்தில் சொல்லி முடிக்கும் நன்றிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ‘இதயங்கனிந்த’, ‘உளங்கனிந்த’ ஆகியவை பொங்கல், தீபாவளி வாழ்த்துகளுக்கென்றே நேர்ந்துவிடப்பட்டவை. அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

பயன்பாட்டில் ஒரு பரிந்துரை உண்டு. ‘என் உளமார்ந்த பாராட்டுகள்’ என்பதைவிட ‘உங்களை உளமாரப் பாராட்டுகிறேன்’ என்பது வலுவானது. முதல் வடிவத்தில் பாராட்டு என்ற பெயர் மட்டும் மேசைமேல் வைக்கப்படுகிறது, செய்பவர் மறைந்துவிடுகிறார். இரண்டாவதில் வினை இருக்கிறது, ‘ஆர’ என்ற எச்சம் அந்த வினையைத் தழுவி நிற்கிறது. ‘எனது மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்’ என்று ஆண்டுவிழா உரைகளில் முடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். மனம் நிறைந்து கொடுக்கிறேன் என்று தொடங்கிய வாக்கியம், கடமைக்காகச் செய்கிறேன் என்று முடிகிறது. சொல்பவர் அப்படி நினைக்கவில்லை என்பது தெரியும்; ஆனாலும் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவது நல்லது.

துக்கச் செய்திக்கு ‘உளமார்ந்த இரங்கல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ‘ஆர்’ என்ற அடிச்சொல் இன்னமும் நிறைவின் மகிழ்ச்சியைக் கொஞ்சம் சுமந்துகொண்டிருப்பதால் அது காதில் உறுத்துகிறது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று வழக்கில் உள்ளதே தக்கது.

கடைசிக் கேள்வி மன்னிப்பு பற்றியது. மன்னிக்கிறவர் ‘உளமார மன்னித்துவிட்டேன்’ என்று எழுதலாம். அவர் கொடுக்கிறவர், மனத்தில் மிச்சம் வைக்காமல் கொடுக்கிறார், சொல் அச்சாகப் பொருந்துகிறது. மன்னிப்புக் கேட்கிறவர் ‘மனமார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுவது இன்று பரவலாக ஏற்கப்பட்டதே, பிழையில்லை. ஆனால் கேட்கிற நிலையில் இருப்பவர் தம் நிறைவைப் பேசுவதைவிடத் தாம் செய்ததைப் பேசுவது பொருத்தம். ‘நான் சொன்ன சொல் உங்களைப் புண்படுத்தியது; அதற்காக வருந்துகிறேன், மன்னிக்க வேண்டுகிறேன்’ என்று எழுதினால் ‘உளமார’ என்ற சொல்லுக்கு அங்கே வேலை இருக்காது. தவறை உணர்ந்தே எழுதுகிறேன் என்பதை அழுத்த வேண்டுமானால் ‘மனப்பூர்வமாக’ என்று எழுதுங்கள். யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தாமாக முன்வந்து கேட்கும் மன்னிப்பு என்பதை அந்தச் சொல் கிரயப் பத்திரத்தில் சொல்வதுபோலவே தெளிவாகச் சொல்லிவிடும்.